சோதனை விண்ணப்பம்

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஹாலில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். வந்திருந்தவர்கள்: போதகரின் மனைவி ரோஸ்லின் ஐயரம்மா, எமிலி அக்கா, ஜெசிந்தா மைனி, ஷைனி, ஷைனியின் இடுப்பில் அவள் மகன், நான். மணியடித்துக் கதவு திறக்கும் கோயில்பிள்ளை, நாற்காலி போட வந்தவர், பாதிவரை நின்று கேட்டுவிட்டுப் போனார். அவரையும் எழுதிவிடுகிறேன். வருகிறேன் என்று சொல்லி வராதவர்களை எழுதவில்லை.

பேசியது ஜெபப் பெட்டியைப் பற்றி. ஆளுக்கொரு சீட்டில் விண்ணப்பம் எழுதிப் பெட்டியில் போடுகிறோம். பெயர் எழுதாவிட்டாலும் கையெழுத்து தெரிந்துவிடுகிறது. போன மாதம் ஒரு சீட்டு பீடத்துக்குப் போகுமுன் மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. எழுதிய பெண் அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை.

ஆகவே செல்போனில் எழுதுவதற்கு ஓர் ஆப். ஷைனி செய்து தருகிறாள். சென்னைக் கம்பெனியில் பெரிய வேலை. குழந்தைக்காக இந்த வருடம் லீவில் ஊரில் இருக்கிறாள். எழுதுகிறவர் நம் சபையாரா என்று மட்டும் ஆப் பார்க்கும். ஜெபக் குழுவில் உள்ள நாலு பேர்தான் படிக்க முடியும். அவர்களுக்கும் பெயர் தெரியாது. எழுதியவர் தன்னுடையதைப் பிறகு திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

"பாடகர் குழுவுக்கு ஒரு பாஸ்வேர்டு, ஹால் புக் பண்ண ஒரு பாஸ்வேர்டுன்னு ஏற்கெனவே இருக்கு. இதுக்கும் தனியா ஒண்ணு வேண்டாம் ஐயரம்மா. ஒரே ஒரு டைரக்டரி வைப்போம். எல்லா ஆப்பும் அந்த டைரக்டரியக் கேட்டு ஆளத் தெரிஞ்சுக்கிடட்டும்" என்றாள் ஷைனி.

"டைரக்டரியா? அதுல எங்க வீட்டுப் போட்டோல நான் கண்ண மூடிக்கிட்டுல்லா இருக்கேன்? அதப் பாத்து எப்படிட்டி ஆளக் கண்டுபிடிக்கும்?" என்றார் ஜெசிந்தா மைனி.

சிரித்து முடிக்க நேரமாயிற்று. எங்கள் சபையில் டைரக்டரி என்றால் வீட்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு குடும்பப் படம், கீழே விலாசமும் போன் எண்ணும் போட்ட அச்சுப் புத்தகம். ஷைனி சொல்வது கம்ப்யூட்டருக்குள் இருப்பது. ஆனாலும் அதற்கான பெயர்களை இந்தப் புத்தகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

யார் ஏற்றுவது என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். வீடியோ பார்த்துத் தட்டித் தட்டிப் படித்து, சங்கக் கணக்கைக் கம்ப்யூட்டரில் எழுதி வருகிறேன். சரி என்றேன்.

ஷைனி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தாள். எங்கள் பக்கம் வந்ததும் அவள் கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு மூடிவிட்டாள்.

ஜெபத்துடன் கூட்டம் முடிந்தது.

ஜூன் 10, திங்கள்

கேஸ் சிலிண்டர் மாற்றினேன். நார்த்தங்காய் அறுத்து உப்பில் போட்டேன்.

நேற்றையதில் ஒன்று விட்டுப்போயிற்று. கணக்கில் விட்டால் மறுநாள் சேர்ப்பது வழக்கம், அதனால் சேர்க்கிறேன். எங்கள் பக்கத்துப் படத்தில் அத்தானும் நானும் இருக்கிறோம். முந்திய பதிப்பில் மூன்று பேர் இருந்தோம். எங்கள் மகள் ஹெப்சிபா கூட வேலை பார்த்த கார்த்திகேயனை ஓசூரில் ரெஜிஸ்டர் செய்து கட்டிக்கொண்டாள். அந்த வருடம் புதுப் பதிப்பு வந்தது. அத்தான், நம் வட்டாரச் சபைகளைச் சேர்த்து நடத்தும் சேகரக் கமிட்டியின் செயலாளர். படத்தை மாற்றச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்தார். படம் எடுக்க நான் நீலப் புடவை கட்டியிருந்தேன். அவளிடம் பேசுவதில்லை என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்னால் சொன்னதுதான்.

ஷைனியும் ஹெப்சியும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

ஜூன் 13, வியாழன்

கோயில் ஆபீஸ் அறையில் பழைய கம்ப்யூட்டரில் வேலை ஆரம்பித்தது. ஷைனியின் மகன் மேஜைக்கு அடியில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வீடு கட்டினான்.

எனக்கு விளங்கியபடி எழுதிவைக்கிறேன். டைரக்டரி ஒரு மரம். அடியில் சேகரம். அதில் சபைகள், சபைக்குள் குடும்பங்கள், குடும்பத்துக்குள் ஆட்கள். ஒவ்வொருவருக்கும் தபால் விலாசம் மாதிரி ஒரு நீள விலாசம் உண்டு: இன்னார், இன்ன குடும்பம், இன்ன சபை, இன்ன சேகரம். ஒருவர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் ஆப் அதை எடுத்துக்கொண்டு டைரக்டரியிடம் போகும். டைரக்டரி 'ஆம்' என்னும், அல்லது 'இல்லை' என்னும். அதற்குமேல் ஒரு சொல் சொல்லாது. பாஸ்வேர்டு என்ன என்று யார் கேட்டாலும் காட்டாது.

"செஞ்ச நீ கேட்டாலுமா?"

"நான் கேட்டாலும் காட்டாது ஆன்ட்டி. புதுசா மாத்திக் குடுக்கலாம். பழசு என்னன்னு பாக்க முடியாது."

ஆப்புக்கும் டைரக்டரியில் ஒரு பெயர் உண்டாம். அது தேடிப் பார்க்கலாம், எதையும் மாற்றக்கூடாது. "நம்ம கோயில்பிள்ளை மாதிரி. எல்லாச் சாவியும் அவர்கிட்ட உண்டு, காணிக்கைப் பெட்டி சாவி மட்டும் கிடையாது" என்றேன். ஷைனிக்குப் பிடித்துப்போய்விட்டது. கம்ப்யூட்டரிலும் அதற்கு கோயில்பிள்ளை என்றே பெயர் வைத்தாள்.

இடறல் அடுத்ததில் வந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் ஆளையே ஏற்காது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியல்தானே உண்டு. மதியம் வீட்டுக்குப் போனபோது அத்தானிடம் கேட்டேன்.

"குடும்பத் தலைவர் பேரப் போடு. பொம்பளையளுக்கு வீட்டுக்காரர் பேரு, பிள்ளையளுக்கு அப்பா பேரு. இதுல என்ன யோசனை?" என்றார்.

ஆபீசுக்குத் திரும்பும் வழியில் எமிலி அக்காவைப் பார்த்தபோது சொன்னேன்.

"ஏளா லீலா, நான் டீச்சரா இருந்த காலம் பூரா எங்கப்பா இனிஷியல்லதான் கையெழுத்துப் போட்டேன். பென்ஷனும் அதுலதான் வருது. உங்க மிஷினுக்காவ மோட்சத்துக்குப் போன எங்க வீட்டு மனுசன் பேர இப்பம் ஒட்டவா?"

அக்காவுக்கு அவர் அப்பா பெயரையே போட்டேன். மற்றவர்களுக்கு அத்தான் சொன்னபடி.

சாயங்காலம் ஆபீசிலிருந்து புறப்படும்போது ஷைனி, "ஹெப்சிய எங்கன போட ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"புஸ்தகத்துல இருக்கிறவங்களத்தான ஏத்தச் சொல்லியிருக்கு?"

"ஆமா."

"பின்ன?"

அவள் மகனுக்குச் செருப்பு மாட்டிவிட்டாள். வாசல்வரை போனவள் திரும்பி, "அவ முழுகாம இருக்கா. வாற மாசம் ஏழு பொறக்குது. நான் சொன்னேன்னு சொல்லிராதிய" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 14, வெள்ளி

உபவாச ஜெபம். பெயர் ஏற்றுவது ந வரிசை வரை முடிந்தது. ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ள பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பிறந்த வருடத்தைச் சேர்த்துக்கொண்டோம்.

ஜூன் 18, செவ்வாய்

அத்தானுக்குச் சட்டைகள் தேய்த்து வந்தன. ஒன்றில் பொத்தான் இல்லை, தைத்தேன். மளிகைச் சீட்டு எழுதி மேஜையில் வைத்திருந்தேன். எடுத்துப் போனவர் கடைக்காரரிடம் கொடுக்குமுன் சிவப்பு மையில் இரண்டு ஒற்றுச் சேர்த்திருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கை சும்மா இருக்காது. கல்யாணத்துக்கு முன் நான் எழுதிய ஒரே கடிதத்தையும் திருத்தித்தான் பதில் போட்டார்.

ஏழாம் மாதத்தில்தான் எங்கள் பக்கம் பலகாரம் செய்துகொண்டு போய்ப் பெண்ணை அழைத்து வருவோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளையல் போடுகிற வீடும் உண்டு, ஜெபம் மட்டும் செய்கிற வீடும் உண்டு. அழைத்து வராத வீடு கிடையாது. என் அம்மா எனக்கு அதிரசம் சுட்டுக்கொண்டு வந்தார்கள்.

பச்சரிசி இருப்பு இருக்கிறது. வெல்லம் வாங்கவில்லை.

ஜூன் 19, புதன்

பெயர்கள் முழுவதும் ஏற்றி முடிந்தது. போன் எண்களும் புத்தகத்தில் உள்ளபடியே போட்டுவிட்டேன். தலைவலி.

ஜூன் 22, சனி

இன்று சோதனை. ஆப் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் நாள். ஜூலை முதல் ஞாயிறு திறப்பு என்று ஐயரம்மா அறிவித்துவிட்டார்.

முதலில் நான் என் பெயரில் நுழைந்தேன். வட்டம் சுற்றியது, திறந்தது. டைரக்டரி என்னை 'ஆம்' என்றது. அல்பம்தான், ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

"ஏதாவது ஒரு விண்ணப்பம் எழுதுங்க ஆன்ட்டி. சும்மா சோதனைக்கு."

சோதனைக்கு எழுதியது இது:

தூரத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு தலைப்பிரசவம். தாய்வீட்டில் நடக்க ஜெபிக்கவும்.

சட்டென்று வேறொன்றும் தோன்றவில்லை, அதனால் அதை எழுதினேன். ஷைனி படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். குழந்தையிடமிருந்து ஜலதோஷம் ஒட்டியிருக்கும்.

"இத அழிச்சிரட்டா?"

"இருக்கட்டும். சோதனை இன்னும் முடியலைலா?"

அடுத்து, பாஸ்வேர்டு மறந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். வெளியே வந்து, 'மறந்துவிட்டேன்' என்பதை அமுக்கினேன். போனுக்கு ஒரு லிங்க் வரும், அதைத் தொட்டால் புதுப் பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம் என்றாள். வரவில்லை. மறுபடி அமுக்கினேன். வரவில்லை. சிக்னல் இல்லையோ என்று போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். வரவில்லை. ஷைனி மூன்றாவது தரம் அமுக்கினாள். மகன் அழ ஆரம்பித்ததால், நாளைக்குப் பார்ப்போம் என்று பூட்டிவிட்டு வந்தோம்.

மதியம் நெத்திலிக் குழம்பு. அத்தான் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாவது சோறு போடும்போது சொன்னார்:

"காலைல கமிட்டில இருக்கும்போது உங்க ஆப்புல இருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணா வந்துச்சு. தொட்டேன். பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிச்சு. எனக்குத்தான் வந்திருக்குன்னு நெனச்சு வச்சேன்."

"வச்சியளா?"

"வச்சதும் உன் பேர் போட்டுத் தொறந்துச்சு."

மோர் கேட்டார். ஊற்றினேன்.

ஜூன் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். திரும்பும்போது அத்தான் நாலடி முன்னால் நடந்தார். வழக்கமாகவே அப்படித்தான் நடப்பார்.

தப்பு என்னுடையது. அச்சுப் புத்தகத்தில் குடும்பத்துக்கு ஓர் எண்தான் உண்டு. அது குடும்பத் தலைவரின் எண். அதையே வீட்டிலுள்ள எல்லாருக்கும் போட்டு ஏற்றியிருக்கிறேன். பாஸ்வேர்டு மறந்த பெண் எவளானாலும், அவள் வீட்டுக் கதவின் சாவி அவள் வீட்டுக்காரர் சட்டைப்பைக்குப் போய் விழும். அவர் தொட்டால் அவள் எழுதியது முழுவதும் அவர் முன்னால் திறக்கும். சீட்டாவது மார்க்கெட்டுக்குத்தான் போனது.

என் விஷயத்தில் பாதகமில்லை, அது சோதனைக்கு எழுதியது. மற்றவர்களுக்கு? பெட்டியை விட்டு ஓடியவள் இதை நம்பி எழுதினால்?

ஷைனியிடம் சொன்னேன். தலையில் கை வைத்தாள். "நானும் பாக்காம விட்டுட்டேனே ஆன்ட்டி. எண் ஆளுக்கு ஒண்ணுன்னு நெனச்சேன், வீட்டுக்கு ஒண்ணுன்னு தோணவேல்ல." இரண்டு பேரும் ஐயரம்மாவிடம் போய்த் திறப்பைத் தள்ளிவைக்கக் கேட்டோம். அவர் எங்களுக்குக் காப்பி போட்டார். பிறகு, "நல்ல வேளை, உனக்கு ஆச்சு. வேற ஒருத்திக்கு ஆகல்ல" என்றார்.

நல்ல வேளைதான்.

ஜூன் 25, செவ்வாய்

வீடு வீடாகப் போய்ப் பெண்களின் சொந்த எண் வாங்குகிறோம். எமிலி அக்கா குடையோடு கூட வருகிறார்.

சிலர் வாசலிலேயே தந்துவிட்டார்கள். சிலர் உள்ளே திரும்பி, "குடுக்கட்டா?" என்று கேட்டுவிட்டுத் தந்தார்கள். ஒரு வீட்டில் வீட்டுக்காரரே வந்து, "என் நம்பர் இருக்குல்லா, அது போதும். அவளுக்கு எதுக்குத் தனியா?" என்றார். எமிலி அக்கா குடையை மடக்கிக்கொண்டே, "தம்பி, கோயில்ல ராப்போஜன அப்பம் எடுக்கும்போது அவளுக்கும் சேத்து நீயேதான் வாங்கி முழுங்குதியோ?" என்று கேட்டார். எண் கிடைத்தது.

ஜெசிந்தா மைனி வீட்டில் நிலைமை வேறு. "எனக்கு ஏது போனு? எங்க வீட்டு அவ்வோ போன்லதான் மகன்கிட்டயும் பேசுதேன். நான் எழுதினா அவ்வோளப் பத்தித்தான் எழுதணும், அதையும் அவ்வோகிட்டயே கேட்டு எழுதிக்கிடுதேன் போ" என்று சிரித்தார். சிரித்து முடிந்த பிறகும் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

போன் இல்லாதவர்களுக்குக் கோயில் கம்ப்யூட்டரில் நேரில் வந்து பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள ஏற்பாடு. எமிலி அக்கா கூட இருப்பார். கீ போர்டில் விரலை வைக்கும்போது அவர் சுவரைப் பார்த்து நிற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ராத்திரிச் சாப்பாட்டில் அத்தான் கேட்டார். "திறப்பு ஏன் தள்ளிப்போகுது? கமிட்டில எழுதணும்."

"எண்ணெல்லாம் தப்பாப் போட்டுட்டேன்."

"புஸ்தகத்துல உள்ளதுதான போட்ட?"

"புஸ்தகத்துல வீட்டுக்கு ஒண்ணுதான் இருக்கு. ஆளுக்கு ஒண்ணு இல்ல."

அவர் தோசையைப் பிட்டுச் சட்னியில் தொட்டார். சாப்பிடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

குடும்ப ஜெபத்தில் முன்பெல்லாம் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பார். இப்போது 'எங்கள் குடும்பத்தாரை' என்பதோடு முடித்துக்கொள்கிறார். இன்றும் அப்படித்தான் ஜெபித்தார். 'குடும்பத்தாரை' என்ற இடத்தில் தொண்டையைச் செருமினார்.

ஜூன் 28, வெள்ளி

ஷைனி மரத்தையே பிடுங்கி மறுபடி நட்டாள். எண்களைத் திருத்தும்போது இன்னொரு குறை கண்ணில் பட்டதாம். குடும்பத்தைக் கிளையாகவும் ஆட்களை அதன் இலையாகவும் வைத்திருந்தோம். ஒரு பெண் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனால் அவள் விலாசமே மாறிவிடும். பழைய பெயரில் அவள் எழுதியவை அவளுடையவை என்று ஆப்புக்குத் தெரியாமல் போகும்.

"எங்க கம்பெனியிலயும் மொதல்ல இந்தத் தப்பத்தான் பண்ணுவாங்க ஆன்ட்டி. ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் ஒரு கிளை வச்சுருவாங்க. ஆளு டிபார்ட்மென்ட் மாறுனா அம்புட்டும் ஒடஞ்சிரும். ஆளுகள எல்லாம் ஒரே மட்டத்துல வச்சிரணும். குடும்பம், சங்கம், பாடகர் குழு எல்லாத்தையும் தனியாக் கூட்டமா எழுதி, அதுக்குள்ள ஆளச் சேத்துக்கிடணும். கூட்டத்த விட்டு எடுத்தாலும் ஆளு அழியாது."

"கூட்டத்த விட்டு எடுத்தாலும் ஆளு அழியாது" என்று நானும் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன், பாடமாக வேண்டும் என்பதற்காக.

இப்போது எல்லாரும் ஒரே வரிசையில் இருக்கிறோம். ஐயரம்மாவுக்குப் பக்கத்தில் கோயில்பிள்ளை. நான் புத்தகத்தில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் இருந்தேன். இங்கே பு வரிசையில், புனிதவதிக்கும் புஷ்பவல்லிக்கும் நடுவில் நிற்கிறேன். புஷ்பலீலா.

"இப்பம் எந்தக் குடும்பத்துக்குள்ளயும் போடாமலே ஒருத்தரச் சேக்க முடியும். ஆனா கமிட்டி பேர் குடுக்கணும்" என்றாள் ஷைனி. யாரை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெல்லம் வாங்கினேன். விலை இறங்கியிருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

என் பெயரில் இன்னும் நுழைய முடியவில்லை. பாஸ்வேர்டு அத்தான் வைத்தது. ஷைனியிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் மாற்றிக் கொடுப்பாள். சொல்லவில்லை. அவளுக்கு வேலை அதிகம்.

காலைப் பலகாரத்துக்குப் பின் அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போனை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு வச்ச பாஸ்வேர்டு என்னது?"

பேப்பர் இறங்கவில்லை.

"அத்தான், அஞ்சு தரம் தப்பாப் போட்டா பூட்டிக்கிடும். ரெண்டு தரம் போட்டுட்டேன்."

"என்னதப் போட்ட?"

"நம்ம கல்யாண நாளு. அப்புறம் உங்க ஸ்கூல் பேரு."

"அதெல்லாம் எதுக்கு வைக்கேன்?" பேப்பர் ஒரு பக்கம் புரண்டது. "உனக்குத் தெரிஞ்ச பேருதான்."

எழுந்து அடுப்படிக்குப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. இந்த வீட்டில் மூன்று வருடமாக யாரும் உரக்கச் சொல்லாத பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். வட்டம் சுற்றியது.

டைரக்டரி 'ஆம்' என்றது.

என் விண்ணப்பம் இருந்தது. ஆனால் அது நான் எழுதியபடி இல்லை. இப்படி இருந்தது:

தூரத்தில் இருக்கும் எங்கள் பிள்ளைக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில் நடக்க ஜெபிக்கவும்.

நான் விட்ட ஒற்றைச் சேர்த்திருக்கிறார். 'பிள்ளைக்கு'வுக்குப் பின்னால் 'த்' வர வேண்டும். எத்தனையோ தரம் சொல்லித் தந்திருக்கிறார். அது அவர் வழக்கம். 'ஒரு' என்பதை எடுத்துவிட்டு 'எங்கள்' என்று போட்டிருக்கிறார். அது இலக்கணத் திருத்தம் இல்லை. இரண்டாவது வரியில் அவர் கை வைக்கவில்லை.

அடுப்படியில் கொஞ்ச நேரம் இருந்தேன். புகை இல்லை, இருந்தாலும் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

"ஒற்று விட்டுட்டேன் போல" என்றேன்.

"எப்பவும் விடுததுதான?" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து. கொஞ்சம் கழித்து, "ஞானஸ்நானம் எடுத்து வெளியூர்ல இருக்கிற பிள்ளையளையும் அந்த டைரக்டரில சேக்கலாம்னு கமிட்டித் தீர்மானத்துல எழுதிட்டேன். பொதுவாத்தான் எழுதியிருக்கேன். ஒரு ஆளுக்குன்னு இல்ல" என்றார்.

"சரி."

"புஸ்தகம் அடுத்த பதிப்பு வர வருசமாகும். இது கம்ப்யூட்டர்தான, நாளைக்கே ஏத்திரலாம்லா?"

"ஏத்திரலாம்."

பச்சரிசியை ஊறப் போட்டேன்.

ஜூலை 3, புதன்

காலையில் ஷைனியோடு போய் வெளியூர்ப் பிள்ளைகளின் பெயர்களை ஏற்றினேன். ஹ வரிசையில் ஒரு பெயர் மட்டும் பாக்கி. கடைசிப் பெயர்க் கட்டத்தில் கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது. அப்பா பெயரைப் போடவா, வீட்டுக்காரர் பெயரைப் போடவா என்று ஷைனி கேட்டாள். இரண்டும் எனக்குத் தெரிந்த பெயர்கள்தான். ஆனால் நான் போட வேண்டியதா என்று தோன்றியது. பெட்டியில் சீட்டுப் போடுகிறவர்தானே அதில் என்ன எழுதுவது என்று முடிவு செய்ய வேண்டும்?

அத்தானிடம் சொல்லிவிட்டுத்தான் போனை எடுத்தேன். "சனிக்கிழமை ரெண்டு பேரும் ஓசூருக்கு வாறோம்னு ஒரு செய்தி அனுப்பப் போறேன்" என்றேன். "ஒற்றுப் பாத்துப் போடு" என்றார்.

அனுப்பியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

ஹெப்சி, அம்மா எழுதுகிறேன். நீ சுகமா? கால் வீங்குகிறதா? உப்பைக் குறைத்துக்கொள். ஷைனியைக் கோபிக்காதே, நான்தான் துருவிக் கேட்டேன். அப்பாவுக்குத் தெரியும். அவர்கள் போன் பண்ண மாட்டார்கள், உனக்குத் தெரியும்தானே. ஆனால் வருகிற சனிக்கிழமை அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு ஓசூருக்கு வருவதாக இருக்கிறோம், இரண்டு பேரும். மாப்பிள்ளைக்கு நார்த்தங்காய் பிடிக்குமா? பிரசவத்துக்கு நீ இங்கே வருவதானால் உன்னோடு அவரும் வரட்டும். இதை அப்பா சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மாடி அறையைக் கழுவிவிட்டேன். இங்கே ஆஸ்பத்திரியில் இந்த மாதத்துக்குள் பெயர் பதிய வேண்டும்.

இன்னொன்று. சபையில் கம்ப்யூட்டர் டைரக்டரி ஒன்று வைத்திருக்கிறோம். உன் பெயரும் அதில் வருகிறது. கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட்டால் அது யாரையும் உள்ளே விடாது. யார் பெயரைப் போட வேண்டும் என்று நீயே சொல். எதைப் போட்டாலும் எங்களுக்குச் சம்மதம். உன் சொந்த எண்ணையும் அனுப்பு. உனக்கு வர வேண்டியது உனக்கே வர வேண்டும்.

சனிக்கிழமை நாங்கள் வரலாமா, கட்டத்தில் என்ன போட வேண்டும், இரண்டுக்கும் சீக்கிரம் பதில் போடு.